திரையில் உடையாத தமிழ்

சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சந்திக்கும் இடத்தில் தேக்கா நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றித் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. நகைக்கடை, பூக்கடை, உணவகம் என எங்குப் பார்த்தாலும் தமிழ் எழுத்துகள் தெரியும். லிட்டில் இந்தியாவுக்கு வெளியேயும் தமிழைக் காணலாம். எம்ஆர்டி நிலையங்களில் பெயர்கள் தமிழிலும் எழுதப்பட்டிருக்கின்றன. கட்டுமானத் தளங்களின் வேலிகளில் 'அபாயம்' என்ற சொல் மற்ற மூன்று அதிகாரத்துவ மொழிகளோடு சேர்ந்து எச்சரிக்கிறது.

பலகையில் தமிழை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் போதும். 'கொடி' என்று எழுதிய பலகை வெயிலில் மங்கலாம். ஆனால், அதில் உள்ள கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்காது. திரையில் அப்படி அன்று. இணையப்பக்கத்தில் எழுத்துகள் வெறும் எண்களாகச் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் கைப்பேசியோ கணினியோ அந்த எண்களைப் படித்து எழுத்துகளைப் புதிதாக வரைகிறது. வரையும் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளின் இயல்பு தெரியாவிட்டால், கொம்பும் காலும் தனித்தனியே சிதறிக் கிடக்கும்.

இணையச் செயலியை உருவாக்குவோர் பல கருவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பக்கங்களை வடிவமைக்க ஒன்று, மொழிபெயர்ப்புகளைச் சேமிக்க ஒன்று, எல்லாம் சரியாக இயங்குகின்றனவா என்று சோதிக்க இன்னொன்று. அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை. ஆகவே, கருவியின் விலை, வேகம், புகழ் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்கவேண்டும். இதற்குள் போகும் தமிழ் எந்த நிலையில் வெளியே வருகிறது? சிங்கப்பூரில் இந்தக் கேள்வி, இணையம் பரவத் தொடங்கிய காலத்திலேயே எழுந்துவிட்டது.

1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளம் ஒன்றை அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் கவிதைகள் இடம்பெற்றன. உலகில் தமிழ் இணையப்பக்கங்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. அந்த முயற்சியில் தமிழுக்காக உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுத்தாளராகப் பெயர் பெற்றவர். 1994ஆம் ஆண்டு தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றவர். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ போன்றோர் அவருடன் இணைந்து செயல்பட்டனர். கணினியில் தமிழை எழுதவும் படிக்கவும் கோவிந்தசாமி உருவாக்கிய முறைக்குக் 'கணியன்' என்று பெயர்.

அக்காலத்துச் சிக்கலைப் பாமினி என்னும் எழுத்துருவைக் கொண்டு எளிதாக விளக்கலாம். பாமினியில் 'தமிழ்' என்று தட்டெழுதினால், கணினிக்குள் பதிவாவது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். 'ஜே' என்ற ஆங்கில எழுத்து 'த' என்ற முகமூடியை அணிந்துகொள்ளும். 'கே' என்ற எழுத்து 'ம' என்ற முகமூடியை அணிந்துகொள்ளும். பாமினி உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். பாமினி இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். வேறோர் எழுத்துருவை உருவாக்கியவரோ முகமூடிகளை வேறு வரிசையில் மாட்டியிருப்பார். சென்னையில் எழுதிய மின்னஞ்சலைச் சிங்கப்பூரில் படிக்க வேண்டுமானால், இரண்டு இடங்களிலும் ஒரே எழுத்துரு இருக்கவேண்டும். எழுதியவருக்கும் படிப்பவருக்கும் மொழி ஒன்றாக இருந்தும் எழுத்துரு வேறாக இருந்ததால் செய்தி போய்ச் சேரவில்லை.

இதற்குத் தீர்வு காண 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' என்னும் மாநாடு நடைபெற்றது. பல நாடுகளில் தனித்தனியே உழைத்துவந்த தமிழ்க் கணினி வல்லுநர்கள் அதில் ஒன்றுகூடினர். அடுத்த மாநாடு 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. 'தமிழ்99' விசைப்பலகை அதன் பயனாகக் கிடைத்தது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். 2000ஆம் ஆண்டு ஜூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தபோது, 'உத்தமம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. தம் கனவு ஓர் அமைப்பாக உருப்பெற்றதைக் காண அவர் இல்லை.

முகமூடிச் சிக்கலை இறுதியில் தீர்த்தது ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணைத் தரும் முறை இது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால், பொதுமக்களின் கணினிகளில் தமிழ் ஒருங்குறி பரவலாக இயங்கப் பல ஆண்டுகள் ஆயின. இன்று எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் அது ஒருங்குறியை முழுமையாக ஏற்கிறதா என்று உறுதிசெய்வதே முதல் வேலை. பழைய எழுத்துருக்களை மட்டும் ஏற்கும் கருவியை, அது இலவசமாகவே கிடைத்தாலும், ஒதுக்கிவிடலாம்.

ஒருங்குறி வந்ததோடு எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிட்டதா? இல்லை. 'சிங்கப்பூர்' என்னும் சொல்லைத் தமிழ் மாணவர் எண்ணினால் சி, ங், க, ப், பூ, ர் என ஆறு எழுத்துகள் வரும். கணினியோ பதினொன்று என்று சொல்லும். ஒருங்குறியில் 'சி' என்பது ஓர் எழுத்தன்று. 'ச' என்ற எண்ணும் அதைத் தொடரும் விசிறிக்கான எண்ணும் சேர்ந்ததே 'சி'. புள்ளிக்கும் தனி எண் உண்டு. இணையத்தில் பெரிதும் பயன்படும் சேமிப்பு முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட் இடத்தைப் பிடிக்கும். ஆக, ஆறு எழுத்துச் சொல்லுக்கு 33 பைட் தேவைப்படுகிறது.

இது வெறும் கணக்குப் புதிர் அன்று. ஒரு பதிவுப் படிவம் பெயருக்கு ஆறு இடங்களை மட்டுமே ஒதுக்கியிருக்கிறது எனக் கொண்டால், 'முருகன்' என்ற நான்கெழுத்துப் பெயர் அதில் எளிதாக அடங்கும் என்றுதான் தோன்றும். கணினியின் கணக்கில் அது ஏழு. ஏழாவதாக வரும் புள்ளி வெட்டப்பட்டு, பெயர் 'முருகன' என்று பதிவாகிவிடும். கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் இதே நெருக்கடி இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள். ஒருங்குறி வழியே தமிழில் எழுதினால் 70 மட்டுமே. கைப்பேசியில் தமிழைத் தட்டெழுத உதவும் 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு பொங்கல் வேளையில் சிங்கப்பூரில் அறிமுகமானது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அதை உருவாக்கினார். சிறிய திரையில், குறைந்த இடத்தில் தமிழை அடக்குவது எவ்வளவு கடினம் என்பதை அக்காலத்துக் கைப்பேசிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

எழுத்துகளை வரையும் வேலையை இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய உலாவிகளில் 'ஹார்ஃப்பஸ்' என்னும் திறந்த மூல மென்பொருள் செய்கிறது. அதற்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆகையால், இணையப்பக்கத்தில் எழுத்து உடைவது அரிதாகிவிட்டது. படங்களையும் சுவரொட்டிகளையும் வடிவமைக்கும் மென்பொருள்களில்தான் சிக்கல் இன்னும் எஞ்சியிருக்கிறது. அவற்றுள் சிலவற்றில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்ய மறந்தால், 'கொடி' என்று எழுதவேண்டிய இடத்தில் கொம்பு தவறான பக்கத்தில் வந்து நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் அதைக் கவனிக்கமாட்டார். அப்படியே அச்சாகி ஒட்டப்பட்டும்விடும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்ற இலவச எழுத்துருக்களை இணையப்பக்கத்தோடு சேர்த்தே அனுப்பலாம். படிப்பவரின் கைப்பேசியில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்ற கவலை இல்லை. ஆனால், ஆங்கிலத்துக்காக அமைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டுவிட்டால், 'கூ', 'ளு' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி அடுத்த வரியில் இடிக்கும். பொத்தானுக்குள் இருந்தால் வெட்டுப்படும்.

எழுத்து சரியாகத் தெரிந்த பிறகு மொழி தொடங்குகிறது. ஒரு மென்பொருளை ஓர் இடத்தின் மொழிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றியமைப்பதை 'உள்ளூர்மயமாக்கல்' என்பர். செயலியில் வரும் சொற்றொடர்களை நிரலுக்குள் எழுதாமல், தனிக் கோப்பில் மொழிவாரியாக வைப்பது இதன் அடிப்படை. 'கெட்டெக்ஸ்ட்' என்னும் கருவி 1990களிலிருந்து இவ்வேலைக்குப் பயன்பட்டு வருகிறது. நிரல் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடாமல் உழைக்க இது வழிசெய்கிறது.

ஆனால், கோப்பைத் தனியே வைத்தால் மட்டும் போதாது. மாணவர் குழு ஒன்று லிட்டில் இந்தியாவைச் சுற்றிப் பார்ப்போருக்கு நான்கு மொழிகளில் வழிகாட்டும் செயலியை உருவாக்குவதாகக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'இந்த இடத்துக்குச் செல்க' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை எழுதி, இடப்பெயர் வரவேண்டிய பகுதியை வெற்றிடமாக விடுவார்கள். எந்தப் பெயரை அங்கே வைத்தாலும் ஆங்கில வாக்கியம் கெடாது. தமிழில் வெற்றிடத்துக்குப் பின்னால் '-க்கு' என்று எழுதிவைத்தால் என்ன ஆகும்? 'தேக்கா சந்தை' சரியாகத் 'தேக்கா சந்தைக்கு' என்று ஆகும். 'கேம்பல் லேன்' என்பதோ 'கேம்பல் லேன்க்கு' என்று வந்து நிற்கும். 'லேனுக்கு' என்பதே சரி. 'பஃபலோ ரோடு' என்ற பெயர் 'பஃபலோ ரோட்டுக்கு' என்று மாறவேண்டும். 'இந்திய மரபுடைமை நிலையம்' இன்னும் கடினமானது. அது 'நிலையத்திற்கு' என்று திரியவேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வேற்றுமை உருபுகளைப் பற்றிப் படிக்கும் பாடம் இங்கே நிரலாளருக்குத் தேவைப்படுகிறது. இதற்கு எளிய வழி, வாக்கியத்தையே மாற்றுவது. 'சேருமிடம்: பஃபலோ ரோடு' என்று எழுதினால் பெயர் திரியவேண்டியதில்லை. அவ்வாறு வாக்கியத்தை முழுமையாக மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு இடம் தரும் கருவியே நல்ல கருவி.

ஒருமை பன்மையிலும் கவனம் வேண்டும். தமிழில் '1 கடை உள்ளது', '5 கடைகள் உள்ளன' என இரு வடிவங்கள் தேவை. ஆங்கிலத்திலும் இரண்டு. சீனத்துக்கும் மலாய்க்கும் இந்த வேறுபாடு வேண்டியதில்லை. சிங்கப்பூரில் செய்யப்படும் ஒரே செயலிக்குள் இந்த இரு வகை மொழிகளும் இருப்பதால், மொழிக்கு மொழி வேறுபடும் விதியைக் கையாளத் தெரிந்த கருவி இங்குக் கட்டாயமாகிறது.

தனிச் சொற்கள் தரும் தொல்லை வேறு வகையானது. ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்ற ஒரே சொல், கடைப் பக்கத்தில் வந்தால் 'திறந்திருக்கிறது' என்று பொருள்படும். பொத்தானில் வந்தால் 'திற' என்று பொருள்படும். 'புக்' என்ற சொல் நூலகப் பக்கத்தில் நூலையும் உணவகப் பக்கத்தில் முன்பதிவையும் குறிக்கும். சொற்பட்டியலை மட்டும் பெற்று வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர், உணவகத்தில் மேசையை முன்பதிவு செய்யச் சொல்லும் பொத்தானில் 'நூல்' என்று எழுதிவிடக்கூடும். அது அவருடைய குற்றமன்று. சொல் எங்கே வருகிறது என்பதை அவருக்குக் காட்டாத கருவியின் குறை அது. 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'வெப்லேட்' என்னும் திறந்த மூலக் கருவி, சொல் இடம்பெறும் திரையின் படத்தையும் விளக்கக் குறிப்பையும் மொழிபெயர்ப்பாளருக்குக் காட்ட இடம் தருகிறது. கலைச்சொற்களைத் தொகுத்து வைக்கவும் அதில் வசதி உண்டு.

கலைச்சொற்களைத் தொகுத்து வைப்பது சிங்கப்பூரில் சிறு விஷயம் அன்று. 'வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்', 'மத்திய சேம நிதி', 'உணவங்காடி நிலையம்', 'சமூக மன்றம்' ஆகியவை இங்குள்ள தமிழர் நாள்தோறும் பயன்படுத்தும் சொற்கள். இயந்திர மொழிபெயர்ப்பு இவற்றை எப்போதும் அறிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கூகல் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் 2011ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அது இப்போது வெகுவாக மேம்பட்டிருக்கிறது. ஆயினும், அது எல்லா நாட்டுத் தமிழையும் கலந்து கற்றுக்கொண்ட இயந்திரம். மருத்துவச் சலுகை பற்றிய அறிவிப்பைப் படிக்கும் மூதாட்டிக்கு, தமக்குப் பழக்கமான சொல் அதில் இல்லாவிட்டால், சலுகை தமக்கானது என்பதே தெரியாமல் போகலாம். மொழிபெயர்ப்புத் தரத்தை உயர்த்தச் சிங்கப்பூர் 2014ஆம் ஆண்டு தேசிய மொழிபெயர்ப்புக் குழுவை அமைத்தது. உள்ளூர்ச் சொற்களை அறிந்த 'எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்' என்னும் இணையவாசல் 2022ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இயந்திரம் தந்த மொழிபெயர்ப்பைவிடச் சிறந்த ஒன்றை அதில் மக்களே முன்மொழியலாம்.

இனி, சோதனை. உலாவியை மனிதர்போல இயக்கிச் சோதிக்கும் கருவிகள் பல இருக்கின்றன. 'செலீனியம்' 2004ஆம் ஆண்டு முதல் உள்ளது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட 'பிளேரைட்', மூன்று வகை உலாவி இயந்திரங்களில் ஒரே சோதனையை நடத்தும். உலாவியின் மொழியைத் தமிழ் என்று அமைக்கவும் திரையைப் படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடவும் அதனால் முடியும். 'பதிவிறக்கம் செய்க' என்ற நீண்ட சொற்றொடர் பொத்தானை மீறி வழிகிறதா என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

தேடலையும் வரிசையையும் சோதிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைத் தேடுபவர் 'கோயில்' என்றும் எழுதலாம். 'கோவில்' என்றும் எழுதலாம். இரண்டும் சரி. இதைவிட மறைவான சிக்கல் ஒன்று உண்டு. 'கோ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறிக்குரிய ஒரே எண்ணாகவோ, இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கருதப் பழக்கப்படாத தேடல் கருவி, எதிரில் இருக்கும் கோயிலை 'இல்லை' என்று சொல்லிவிடும். 'கௌரி' என்ற பெயரை ஒற்றைக் கொம்பும் 'ள'கரமும் சேர்த்து எழுதுவோரும் உண்டு. அந்தப் பெயரும் தேடலில் சிக்காது. வரிசைப்படுத்தும்போது, ஒருங்குறி எண்களை மட்டும் பார்க்கும் கருவி 'பழம்' என்பதைப் 'பவளம்' என்பதற்கு முன்னால் வைக்கும். நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்னரே ழகரம் வருகிறது என்பது அதற்குத் தெரியாது.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டும் சோதிக்கவேண்டும். பக்கம் எந்த மொழியில் உள்ளது என்பதை நிரலில் ஓர் இரண்டெழுத்துக் குறியால் அறிவிக்கவேண்டும். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலத்துக்குரிய குறியை விட்டுவைத்தால், வாசிக்கும் குரல் தமிழ் எழுத்துகளைக் கண்டு தடுமாறும். சில வேளை பேசாமலே கடந்துபோகும். இதைத் திருத்த ஒரு வரி போதும். ஆனால், கண்ணால் மட்டும் சோதிப்பவருக்கு அந்தப் பிழை தெரியவே தெரியாது.

இணைய முகவரியையே தமிழில் எழுதும் வசதியும் சிங்கப்பூருக்கு உண்டு. முன்னர்க் குறிப்பிட்ட டான் டின் வீ, 1998ஆம் ஆண்டிலேயே ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இணைய முகவரிகளை உருவாக்கும் ஆய்வில் ஈடுபட்டார். 2011ஆம் ஆண்டு '.சிங்கப்பூர்' என்னும் தமிழ்ப் பெயர் இணைய முகவரியின் இறுதிப் பகுதியாக ஏற்கப்பட்டது. ஆயினும், அப்படிப்பட்ட முகவரியைப் படிவத்தில் எழுதினால், 'முகவரி தவறு' என்று சொல்லும் இணையத்தளங்கள் இன்றும் இருக்கின்றன. முகவரியைச் சரிபார்க்கும் நிரலை எழுதியவர், ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்குமாறு அதை அமைத்திருப்பார். மாணவர் குழுவின் வழிகாட்டிச் செயலியில் அத்தகைய நிரல் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, '.சிங்கப்பூர்' என்று முடியும் முகவரி ஒன்றைப் படிவத்தில் தட்டெழுதி, பொத்தானை அழுத்தினால் போதும்.